குலசிங்கத்தின் சுத்துமாத்து

பேஸ்போல் பந்து வேலியைத் தாண்டி, வீதியைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கார்த் தரிப்பிடத்தில் விழுந்து துள்ளிய சத்தம் குலசிங்கத்துக்கு நன்றாகவே கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கோடையில் அது அவருக்குப் பழகிப்போன சத்தம்.

அடித்தவன் எதிரணி டெஸ்மண்ட், தொழிற்சாலையின் சிப்பிங் பகுதி ஆள். மட்டையைப் புல்லில் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு உலாவப் போகிறவனைப் போல ஆறுதலாக ஓடினான். மூன்றாம் மூலையில் நின்ற இரண்டு பேருடன் கை தட்டிவிட்டு, குலசிங்கத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

குலசிங்கத்தின் அணிக்குத் தலைவனும் பந்து பிடிக்கிறவனுமான எட்வேட், முகக்கூட்டைக் கழற்றிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நடந்து வந்தான். மட்டக்களப்பு ஆள். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவன்.

"அண்ணன், உங்கட சுத்துமாத்து வெளியில தெரியுது."

"எப்பிடித் தெரியும்? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே!"

"நீங்க சொல்லல்ல. உங்கட உடம்பு சொல்லுது. நேர்ப் பந்துக்கு அவனுகள் தடுமாறுறானுகள். சுத்துமாத்து வந்தா மட்டும் காத்துக்கொண்டு நிண்டு அடிக்கிறானுகள். பந்து கையை விட்டு வர முதலே அவனுகளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்ப எது சொல்லுதெண்டு நீர் பாத்திருக்கலாமே?"

"நான் பந்தைப் பாக்கிறதா, உங்கட வடிவைப் பாக்கிறதா?"

சுத்துமாத்து என்பது குலசிங்கம் வைத்த பெயர். பந்தை விரல் நுனியில் பிடிக்காமல் உள்ளங்கைக்குள் அமுக்கிப் பிடித்து, முழுப் பலத்தோடு எறிவதைப் போலக் கையை வீசவேண்டும். கை வேகமாக வரும், பந்து மெல்ல வரும். அடிக்க நிற்பவன் அவசரப்பட்டு மட்டையைச் சுழற்றிக் காற்றை அடிப்பான். முழுப் பொய். ஆனால் அந்தப் பொய் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அதைப் போல அடிக்கச் சுகமான பந்து வேறு கிடையாது.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. முந்தின வருடம் ரொறன்ரோ அணி வேர்ல்ட் சீரிஸ் வென்றதிலிருந்து நகரத்துக்கே பேஸ்போல் பைத்தியம் பிடித்திருந்தது. ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் மூடி செய்கிற அந்தத் தொழிற்சாலையையும் அது விட்டுவைக்கவில்லை. பெட்டியில் அடுக்குகிற பக்கிங், லொறியில் ஏற்றி அனுப்புகிற சிப்பிங் என்று பகுதிக்கொரு அணி. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெற் பந்து போட்ட கை என்பதால் பக்கிங் பகுதிக்குப் பந்து எறிகிற பிற்சர் குலசிங்கம்தான். "நான் பிற்சர்" என்று அவர் முதல்நாள் பெருமையோடு வந்து சொன்னபோது, "எந்தத் தியேட்டரிலை?" என்று கேட்டாள் அவர் மனைவி சந்திரவதனா.

அவளுக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை. வருடக்கணக்காக அவரை "ஏய்" என்று கூப்பிட்ட தொழிற்சாலை, பந்தைக் கையில் எடுத்த பிறகு "கூல்" என்று கூப்பிட்டது. குலசிங்கம் என்ற நீளமான பெயரில் அவர்களுடைய வாய்க்கு அகப்பட்டது அவ்வளவுதான். ஆனாலும் பெயர் பெயர்தானே? சாப்பாட்டு அறையில் நகர்ந்து இருந்து இடம் விட்டார்கள். முதுகில் தட்டினார்கள். பந்து கையை விட்டுப் போனால் மறுபடியும் "ஏய்"தான். 

"பைனலுக்கும் இவனுகள்தான் வருவானுகள்" என்றான் எட்வேட். "அதுக்குள்ள திருத்தாட்டி நவரட்ணத்திட்டப் பந்தைக் குடுக்கத்தான் வேணும். கோவிக்காதீங்க."

நவரட்ணமும் பக்கிங் பகுதிதான். கோட்டுக்கு வெளியே நின்று தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஒருவரும் அவரைச் சுழற்றச் சொல்லவில்லை.

"ஒருத்தரிட்டையும் குடுக்கத் தேவையில்லை. கண்டுபிடிச்சுத் திருத்திறன்" என்றார் குலசிங்கம்.

பிற்சர் என்பவர் பந்தை எறியும்போது ஒரு கணம்தான் ஒற்றைக் காலில் நிற்பார். குலசிங்கம் அன்றிலிருந்து நாள் முழுக்க ஒற்றைக் காலில் நின்றார்.

வெக்ஸ்போர்ட்டில் இருந்த அவருடைய அப்பாட்மென்ற் கதவைத் திறந்ததுமே சந்திரவதனா கேட்டாள்.

"சிகரெட் பிடிச்சனீங்களோ?"

"சீச்சீ. அதை விட்டு எவ்வளவு காலம்!"

அவள் அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கொஞ்சம் அங்காலே பார்த்தாள். பிறகு வெங்காயத்தை வெட்டத் தொடங்கினாள்.

"எத்தினை?"

"...ஒண்டுதான்."

வெங்காயம் வெட்டுவது நின்றது.

"சரி, ரெண்டு."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அவளிடம் சொல்லித் தப்பிய பொய் ஒன்றுகூட இல்லை. மாமியார் வீட்டுக்குப் போகாமல் இருக்க வயிற்றுவலி என்றார், பிடிபட்டார். புது ரீவியைக் கழிவு விலையில் வாங்கினேன் என்றார், பிடிபட்டார். இவளுக்கு ஏதோ தெய்வ அருள் என்று முடிவு கட்டிப் பயபக்தியோடு இருந்துவிட்டார். இப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. இப்படிப்பட்ட கண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு ஏன் வெளியில் அலையவேண்டும்?

"சந்திரா, நீர் அடுத்த மட்சுக்கு வாரும். நான் சுத்துமாத்துப் போடேக்கை என்ன செய்யிறனெண்டு பாத்துச் சொல்லும்."

வந்தாள். எட்வேட்டின் மனைவி பேர்ணடெற்றுக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு இருந்தாள். முதலாவது சுத்துமாத்துக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இரண்டாவதுக்கு நிமிர்ந்து இருந்தாள். மூன்றாவதுக்குப் பேர்ணடெற்றின் காதுக்குள் எதையோ சொல்ல, இரண்டு பெண்களும் கதிரை சாயும்படி சிரித்தார்கள். மைதானத்தின் நடுவில் இருந்து குலசிங்கம் இதைக் கண்டார். கண்டுபிடித்துவிட்டாள்!

வீட்டுக்குத் திரும்பும்போது காருக்குள் கேட்டார். "சொல்லும். எது?"

சந்திரவதனா யோசித்தாள். சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை யோசித்தாள்.

"கண்" என்றாள். "கண்ணை வெட்டுறியள்."

அடுத்த ஆட்டத்துக்குக் குலசிங்கம் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். பார்க்க வில்லன் மாதிரி இருந்தது. ஒரேயொரு குறை. அந்தி வெளிச்சத்தில் எட்வேட் காட்டுகிற விரல் தெரியவில்லை. ஒரு விரல் என்றால் நேர்ப் பந்து, இரண்டு விரல் என்றால் சுத்துமாத்து. எட்வேட் இரண்டைக் காட்டிவிட்டு மெல்ல வருகிற பந்துக்காகக் கையை விரித்துக் காத்திருக்க, குலசிங்கம் ஒன்றென்று நினைத்து உயிரைக் கொடுத்து எறிந்தார். பந்து எட்வேட்டின் தோளுக்கு மேலால் போய், பின்னால் நடுவராக நின்ற சூப்பவைசரின் வயிற்றில் புதைந்தது.

திங்கட்கிழமை சூப்பவைசர் அவரைக் கூப்பிட்டு, லொறியிலிருந்து பெட்டி இறக்குகிற வேலைக்கு அனுப்பினார். கோபமில்லை, கைக்குப் பயிற்சி என்றார்.

"கண் இல்லை, சந்திரா. கண்ணாடியோடையும் அடிச்சவங்கள். வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"அப்ப மூக்காயிருக்கும். மூக்கு விரியுது."

மூக்கை மறைக்க வழி இருந்தது. கையுறையை முகத்துக்கு நேரே தூக்கி, பந்து போடுகிற கணம்வரை அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். தொலைக்காட்சியில் வருகிற பெரிய பிற்சர்மாரே அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அவருடைய கையுறை யாரோ பாவித்துக் கழித்தது. அதற்குள் நாலு வருட வியர்வை. மணம் போகட்டுமென்று யூக்கலிப்டஸ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தேய்த்துவிட்டுப் போனார்.

முதல் பந்துக்குக் கண்ணீர் வந்தது. இரண்டாவது பந்துக்கு மூக்கு ஓடியது. மூன்றாவது பந்துக்குக் காலைத் தூக்கிய நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. பந்து வானத்தில் எழும்பி, பேர்ணடெற் எல்லாருக்கும் கரைத்துக்கொண்டு வந்திருந்த தேசிக்காய்த் தண்ணி வாளிக்குள் விழுந்தது. இடையில் போட்ட சுத்துமாத்துகளை டெஸ்மண்ட் ஒன்றும் மிச்சம் விடாமல் அடித்தான்.

எட்வேட் இந்த முறை நடந்து வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னான்.

"பைனலுக்கு நவரட்ணம் போடட்டும், அண்ணன்."

சாப்பாட்டு அறையில் மறுநாள் ஒருவரும் நகர்ந்து இருக்கவில்லை. குலசிங்கம் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு நின்று குடித்தார். அவமானமாக இருந்தது. ஆனால் மனிதர் அசைகிறவரில்லை. அன்று பின்னேரம் குசினி வாசலில் போய் நின்றார்.

"இன்னும் ஒரே ஒரு இடம் சொல்லும். பந்தைத் திருப்பி வாங்கிப்போடுவன்."

"ஐயோ, கறி அடிப்பிடிக்குது. மீசை போலைகிடக்கு. மீசை துடிக்குது. விடுங்கோ என்னை!"

காலையில் அவள் எழும்ப முதல் குலசிங்கம் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். பதினெட்டு வயதிலிருந்து கூடவே இருந்த மீசை. கண்ணாடியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு பிளேட்டை வைத்து இரண்டே இழுவையில் முடித்தார்.

வெளியே வந்தவரைக் கண்ட சந்திரவதனா தலையில் கை வைத்தாள்.

"ஐயோ! மாமாவுக்கு என்ன நடந்தது?"

"அப்பாவுக்கு ஒண்டும் நடக்கேல்லை. துடிக்கிறதை எடுத்துப்போட்டன்."

"மீசையை எடுத்தால் சனம் என்ன நினைக்குமெண்டு தெரியாதோ உங்களுக்கு?"

பந்தைத் தவிர வேறெதையும் அவர் நினைக்கவில்லை. நம்மவர்களில் ஓர் ஆண்பிள்ளை திடீரென்று மீசையை வழித்துக்கொண்டு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெற்றவர்களில் ஒருவர் போய்விட்டார். தாய் எப்போதோ போய்விட்டாள். தகப்பன் ஊரில் இருந்தார், சுகமாகத்தான் இருந்தார்.

சந்திரவதனாவின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. கட்டிலில் இருந்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ. நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்." சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். "அது சரி, நேற்று எட்வேட் வீட்டை என்ன குடிச்சனீங்கள்?"

"தேத்தண்ணி."

அவள் மறுபடியும் கண்ணுக்கு அங்காலே பார்த்தாள்.

"என்னவோ சொல்ல வந்தனீர்?"

"ஒண்டுமில்லை" என்று எழும்பினாள். "குடிச்ச பியர்க் கிளாசையெண்டாலும் கழுவி வைச்சுப்போட்டு வந்தனீங்களோ?"

தொழிற்சாலை வாசலில் அவரை முதலில் கண்டது நவரட்ணம். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, குலசிங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"குலம்! எப்ப?"

"இண்டைக்குக் காலமைதான்."

"கஷ்டப்பட்டுதோ?"

மீசைக்காக இவ்வளவு கவலைப்படுகிற மனிதர் என்று குலசிங்கத்துக்கு நெஞ்சு இளகியது.

"இல்லை, இல்லை. ரெண்டு இழுவைதான். உடனை முடிஞ்சுது."

"குடுத்து வைச்ச மனுசன்!" நவரட்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ரை ஐயா ஒரு கிழமை இழுத்தவர்."

அப்போதுதான் குலசிங்கத்துக்கு விளங்கியது. "இல்லை நவம், அது..." என்று தொடங்கினார்.

"ஒண்டும் கதைக்காதையும். பைனலிலை பந்தை நீர்தான் போடவேணும். எட்வேட்டோடை நான் கதைக்கிறன். துக்கக்காரனிட்டை இருந்து பந்தைப் பறிச்சுப் போட்டனெண்டால் என்ரை கை விளங்காது."

குலசிங்கம் திறந்த வாயை மூடினார். பந்து தானாக நடந்து வந்து அவருடைய கைக்குள் இருக்கிறது. வாயைத் திறந்தால் மறுபடியும் போய்விடும்.

"ஓம்" என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

மத்தியானத்துக்குள் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிட்டது. பின்னேரத்துக்குள் வெக்ஸ்போர்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊரோடு நேரடித் தொலைபேசித் தொடர்பு இல்லாத காலம்; சாவுச் செய்தியும் கொழும்பு வழியாகத்தான் வரும். எடுத்து விசாரிக்க ஒருவருக்கும் வழி இல்லை. ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தபோது சந்திரவதனா அடுப்பில் நண்டுக் கறி கொதிக்க விட்டிருந்தாள்.

"சனம் வந்திட்டுது! செத்தவீட்டிலை அடுப்பு எரியுது, அதுவும் நண்டு! பல்கனிக்குக் கொண்டுபோங்கோ!"

குலசிங்கம் சட்டியைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்கு ஓடினார். சந்திரவதனா ஊதுபத்தியைக் கொத்தாகக் கொளுத்தினாள். வந்தவர்கள் சோபாவில் வரிசையாக இருந்து தலையைக் குனிந்தார்கள். புட்டும் சொதியும் பருப்பும் வாழைக்காய்க் கறியுமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பல்கனிக் கதவின் நீக்கலால் நண்டு வாசம் மெல்ல உள்ளே வந்தது. எல்லாரும் மூச்சை ஆழமாக இழுத்தார்கள். பிறகு தலையை இன்னும் குனிந்தார்கள்.

"கடைசியாக என்ன கேட்டவர்?" என்று ஒரு கிழவர் விசாரித்தார்.

"ஒண்டும் கேக்கேல்லை" என்றார் குலசிங்கம். அது உண்மைதான்.

செத்தவீட்டில் போய்வருகிறோம் என்று சொல்லக்கூடாது என்பதால் ஒவ்வொருவராகச் சொல்லாமல் எழும்பிப் போனார்கள். கடைசி ஆள் போனதும் சந்திரவதனா கதவைச் சாத்தி அதிலே சாய்ந்து நின்றாள்.

"ஊரிலை குண்டு விழுகிற நேரத்திலை, உயிரோடை இருக்கிற மனுசனைச் சாகடிச்சுப்போட்டியளே!"

"நான் சாகடிக்கேல்லை. மறுத்துச் சொல்லேல்லை, அவ்வளவுதான்."

சொன்ன கையோடு சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். அப்பா கோவிக்காதேங்கோ, சனிக்கிழமைப் பைனல் வரைக்கும்தான் என்று மனதுக்குள் மன்றாடினார். றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு அடிக்கிறதாக ஒரு மூட்டை தேங்காயும் நேர்ந்தார். ஆனால் பந்தை விடுகிறேன் என்று மட்டும் அவர் நேரவில்லை.

சனிக்கிழமை. ஆட்டம் தொடங்க முதல் சூப்பவைசர் கையை உயர்த்தினார். கூலின் தகப்பனாருக்காக ஒரு நிமிட மௌனம் என்றார். இரண்டு அணியும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து நின்றது. டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அந்த ஒரு நிமிடம் குலசிங்கத்துக்கு ஒரு யுகமாக இருந்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தார். விழுங்கவில்லை. ஆட்டம் தொடங்கியது.

முதல் சுத்துமாத்தைப் போட்டார். அடிக்க நின்றவன் அவசரப்பட்டுச் சுழன்று, தன் காலிலேயே தடக்கி விழுந்தான். குலசிங்கத்துக்கு நம்ப முடியவில்லை. இரண்டாவதைப் போட்டார். அதற்கும் காற்றைத்தான் அடித்தார்கள். எட்வேட் முகக்கூட்டுக்குள்ளிருந்து சிரிப்பது அவருக்குத் தெரிந்தது. இரண்டு விரலைத் திரும்பத் திரும்பக் காட்டினான். மீசை! எல்லாம் அந்தப் பாழாய்ப்போன மீசை! சந்திரா சொன்னது சரிதான்!

கடைசியில் டெஸ்மண்ட் வந்து நின்றான். இவனை விழுத்தினால் கிண்ணம் பக்கிங் பகுதிக்கு. குலசிங்கம் காலைத் தூக்கினார், முழுப் பலத்தோடு கையை வீசினார். பந்து ஆறுதலாகப் போனது. டெஸ்மண்டின் மட்டை அது வர முதலே சுற்றி முடிந்திருந்தது.

அவரைத் தூக்கிவிட்டார்கள். "கூல்! கூல்!" என்று கத்தினார்கள். எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினவர் நவரட்ணம்.

சத்தம் அடங்கியதும் டெஸ்மண்ட் வந்து கை கொடுத்தான்.

"இந்தக் கோடை முழுக்க உன் முகத்தைப் பார்த்தே மெதுப் பந்தைக் கண்டுபிடித்தோம், கூல். ஆனால் இன்றைக்கு உன் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லிவிட்டேன். தகப்பனைப் பறிகொடுத்தவனுடைய முகத்தைப் பார்த்துத் திருடி வெல்வது மனிதத்தனம் இல்லை."

குலசிங்கத்தின் முகம் செத்துவிட்டது. கிண்ணத்தைக் கீழே வைத்தார். இனியும் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"டெஸ்மண்ட், என் அப்பா சாகவில்லை."

டெஸ்மண்ட் அவரை இறுக்கிக் கட்டிப்பிடித்தான்.

"எனக்குத் தெரியும், நண்பா. அவர் உன் இதயத்தில் இருக்கிறார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவனைத் திருப்பிக் கூப்பிட்டு விளங்கப்படுத்தக் குலசிங்கத்துக்குத் தெம்பு இருக்கவில்லை. ஆனால் மனிதர் அதோடு விடுகிறவரா? நேரே சந்திரவதனாவிடம் போனார். அவளும் பேர்ணடெற்றும் கதிரைகளை மடக்கிக் காருக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மீசையும் இல்லையாம், சந்திரா. முகத்திலை இன்னும் என்னவோ கிடக்காம். அடுத்த வருசம் நான் நேர்மையா நிண்டு வெல்லவேணும். அதுவரைக்கும் விடமாட்டன். வடிவா யோசிச்சுச் சொல்லும், எது?"

சந்திரவதனா கதிரையை மடக்கினாள், விரித்தாள், மறுபடியும் மடக்கினாள்.

"நாடியாயிருக்குமோ?" என்றாள்.

பேர்ணடெற்றுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சும்மா அவவைப் போட்டு அலட்டாதீங்க அண்ணன், உங்கட காது ஆடுறதைச் சொல்லித் திருத்திப்போட்டா, மறுகா வீட்டுல நீங்க சொல்ற பொய்யை அவ எதைப் பாத்துப் பிடிக்கிற?"